முள்ளம்பன்றி நாயகனும் மயங்கி விழும் சிறுத்தையும்

ஒரு காட்டில், மற்ற எல்லாக் காடுகளையும் போலவே, வேலை செய்தவள் ஒருத்தி. பெயர் வாங்கியவன் இன்னொருவன்.

வேலை செய்தவள் கோமளவல்லி என்ற சிறுத்தை. பெயர் வைத்தவர்கள் அவள் பல்லைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கோடையில் அந்தக் காட்டில் வற்றாமல் மிஞ்சுவது ஒரே ஒரு குளம். அதைப் பிடுங்கிக்கொள்ள மலைக்கு அந்தப் பக்கமிருந்து கழுதைப்புலிகள் வரும். கோமளவல்லி அடிப்பாள். அவை போகும். அவ்வளவுதான் விஷயம், பின்னணி இசையெல்லாம் கிடையாது.

அங்கே நீலமேகம் என்று ஒரு கருங்குரங்கு. வேலைவெட்டி இல்லாத அவனுக்கு மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை வரைகிற பைத்தியம் பிடித்தது. வாராவாரம் தேக்கிலைகளில் கரித்துண்டால் சண்டைக்கதை வரைந்து, வலமிருந்து இடமாகப் புரட்டும்படி அடுக்கிக் கொடுப்பான். காடே அதற்காகக் காத்துக் கிடந்தது.

கதாநாயகன் வீரபாகு என்ற முள்ளம்பன்றி. மங்கா நாயகனுக்கு முடி குத்திட்டு நிற்க வேண்டுமாம். இவனுக்கு அது பிறவியிலேயே நின்றது. நிஜ வீரபாகு கிழங்கு தின்றுவிட்டுத் தூங்குகிற சாது. கதையிலோ, அடிப்பதற்கு முன்னால் அடியின் பெயரை உரக்கச் சொல்வான்: "ஆயிரம் முள் பிரளய மின்னல்!" அப்புறம் தன் சோகமான சிறுவயதை நாலு இலைக்கு நினைத்துப் பார்ப்பான். அதற்கப்புறம்தான் அடி. எதிரிகள் அதுவரை மரியாதையாகக் காத்து நிற்பார்கள். என்ன ஒரு வளர்ப்பு!

கோமளவல்லியும் கதையில் இருந்தாள். இடுப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். அங்கே மிச்சம் பிடித்த கரியை எல்லாம் நீலமேகம் இடுப்புக்கு மேலேயும் கீழேயும் தாராளமாகச் செலவழித்திருந்தான். ஓர் இலையில் 'காட்டிலேயே பலசாலி' என்று அறிமுகம்; அடுத்த இலையில் ஒரே தட்டில் மயக்கம். அதன்பிறகு அவளுக்கு உத்தியோகம் காயத்துக்குக் கட்டுப்போடுவதும், "வீரபாகூ!" என்று அலறுவதும்.

கோமளவல்லி நேரே அவன் மரத்தடிக்குப் போனாள்.

"ஏன்டா நீலமேகம், இந்த இடுப்புல குடல எங்கடா வச்சுக்கிறது?"

"அது ஒரு பாணி அக்கா."

"போன கோடையில அத்தனை பேரைத் தூக்கிப் போட்டேனே, அது எங்க?"

"போட்டீங்க அக்கா, யாரு இல்லேன்னா? ஆனா வாசகருக்கு உங்களைக் காப்பாத்தணும்னு ஆசையா இருக்கே."

"என் அடிக்கு ஒரு பேராவது வைக்கக் கூடாதா?"

"பொம்பளை கேரக்டருக்குக் குணப்படுத்துற சக்திதான் வழக்கம். உங்க அழுகை வேற நல்லா எடுபடுது."

கோடை வந்தது. காட்டுக்கூட்டத்தில் தலைவர் கரடி எழுந்தார்.

"இந்தத் தடவை குளத்துக்கு முன்னால வீரபாகு நிக்கட்டும். கோமளவல்லியம்மா பச்சிலையோட பின்னால இருக்கட்டும். போன அத்தியாயத்துல பாவம், எப்படி விழுந்தாங்க!"

"நான் எங்க விழுந்தேன்? அவன்ல வரைஞ்சான்!"

"பயப்படாதீங்கம்மா," என்றார் கரடி, பரிவாக.

கூட்டம் கைதட்டிக் கலைந்தது. வீரபாகு மட்டும் அவளிடம் வந்து நின்றான். "அக்கா, எனக்குச் சண்டையே தெரியாது. குளம் போயிடும்."

"தெரியும்டா. அவனுங்க வந்ததும் ஓடிப்போயிடு. நான் பாத்துக்கறேன்."

கழுதைப்புலிகள் கும்பலாக வந்தன. வீரபாகுவுக்கு ஓடக் கால் வரவில்லை. பயத்தில் வாயில் வந்ததைக் கத்தினான்: "ஆயிரம் முள்... பிரளய மின்னல்!"

கும்பல் சடாரென்று நின்றது. அதன் தலைவன் பின்னால் திரும்பி அதட்டினான்: "உஷ்! ஒருத்தனும் அசையாதீங்க. இப்ப பிளாஷ்பேக் வரும்!"

நீலமேகத்தின் இலைகள் மலையைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்த விஷயம் அப்போதுதான் தெரிந்தது. கான்வென்ட் பிரேயரில்கூட நான் அப்படி ஓர் ஒழுங்கைப் பார்த்ததில்லை.

வீரபாகு கண்ணை மூடிக்கொண்டு, "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப..." என்று ஆரம்பித்தான். முன்வரிசைக்குக் கண் கலங்கியது.

கோமளவல்லி பச்சிலையைக் கீழே வைத்தாள். சுற்றிக்கொண்டு போய்க் கடைசி வரிசையிலிருந்து தொடங்கினாள். பெயரில்லாத அடி அல்லவா, கத்த வேண்டிய அவசியமே இல்லை. வீரபாகு தன் கதையில் நடக்கப் பழகுவதற்குள் தலைவன் மட்டும்தான் மிச்சம்.

அவன் திரும்பிப் பார்த்தான். "நீ மயங்கி விழுற கேரக்டர்தானே?" நிஜமாகவே குழம்பிப் போயிருந்தான்.

"ஆமா," என்று சொல்லிவிட்டு ஒன்று விட்டாள்.

குளம் தப்பியது. அடுத்த வார இலையில் வீரபாகுவின் முட்களிலிருந்து மின்னல் பறந்தது, கழுதைப்புலிகள் சுருண்டு விழுந்தன. மூலையில் கோமளவல்லி கைகூப்பி, குடம் குடமாகக் கண்ணீர்.

அவள் நகத்தை விரித்துக்கொண்டு மரமேறினாள். நீலமேகம் உச்சிக்கிளைக்குத் தாவினான்.

"அக்கா, அக்கா! திருத்திடறேன்! நீங்கதான் அடிச்சீங்கன்னு வரையறேன், அடிக்குப் பேரும் வைக்கறேன்!"

"இந்த இலை மலைக்கு அந்தப் பக்கம் போயாச்சா?"

"நேத்தே போயிடுச்சு. மின்னல் பட்டுத்தான் விழுந்தோம்னு அவங்களே ஊரெல்லாம் சொல்லிக்கறாங்க. அடுத்த கோடைக்கு மின்னலைத் தடுக்கப் பயிற்சி வேற எடுக்கறாங்களாம்."

"என்னைப் பத்தி?"

"உங்களை யாரு அக்கா கண்டுக்கறா?"

கோமளவல்லி நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். இவ்வளவு நல்ல செய்தியை அவள் ஜென்மத்தில் கேட்டதில்லை.

"ஒரு கோட்டைக்கூட மாத்தாதே. அடுத்த வாரம் ரெண்டு தடவை மயங்கி விழறேன். இன்னும் கொஞ்சம் அழறேன்."

நீதி: நம்மை மட்டமாக வரைபவனை அடிக்காதீர்கள், இலையும் கரியும் வாங்கிக் கொடுங்கள். எதிரியும் அதைத்தான் படிக்கிறான்.