ஏழரை வோல்ட்

சமையலறைத் தராசு செத்துப்போன அன்று, துக்கமான முகத்தை வைத்துக்கொள்ளக் கண்ணாடிக்கடைக்காரர் மிகவும் சிரமப்பட்டார்.

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவர் அவர். தன் கால்சட்டைப் பட்டனை மாட்டுவதுதான் அவருக்குப் பெரும்பாடு. மனைவி தையல்காரி. இடுப்பைப் பிரித்துப் பிரித்துத் தைத்தவள், இனிப் பிரிக்கத் துணியில்லை என்றானதும் ஆளைக் குறைப்பதென்று முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்கு மின்தராசு வந்தது. அன்றிலிருந்து அவர் தட்டு அதில் ஏறி இறங்கித்தான் அவரிடம் வரும். முந்நூறு கிராம். ஒரு கிராம் கூடினாலும் அது பாத்திரத்துக்கே திரும்பிவிடும்.

"மிஷினே போச்சா?" என்றார், குரலில் மகிழ்ச்சி தட்டாமல்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. அடாப்டர்தான் கருகிப்போச்சு. இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"கரண்ட் விஷயம். எடுத்தேன் கவிழ்த்தேன்னு வாங்க முடியாது. நாலு இடத்துல விசாரிக்கணும்."

"விசாரிங்க. சாயங்காலத்துக்குள்ள விசாரிச்சு முடிங்க."

ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போகும்போது இழுத்தடிக்கும் எண்ணம்தான் இருந்தது. ஆனால் ரேடியோக்காரர் பேச ஆரம்பித்ததும் அவருக்கு உண்மையாகவே ஆர்வம் வந்துவிட்டது.

"சுவத்துல வர்ற கரண்ட் முன்னும் பின்னும் துள்ளிக்கிட்டு வருங்க. தராசுக்கு அது ஆகாது. ஒரே பக்கமா, அமைதியா, கொஞ்சமா வரணும். முரட்டு ஏ.சி.யை வாங்கி, சாதுவான டி.சி.யாக்கிக் குடுக்கிறதுதான் இந்த டப்பாவோட வேலை."

"கல்யாணம் மாதிரி."

ரேடியோக்காரர் காதில் விழாததுபோல் டப்பாவைத் திருப்பினார். அவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது.

"இது ஆம்பியர்னு போட்டிருக்கே?"

"அது கூட இருந்தாலும் தப்பில்ல. மிஷின் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கும். வோல்ட்தான் மாறக் கூடாது. உங்களது ஒன்பது வோல்ட். ஏறினா கருகிரும்."

"இறங்கினா?"

"சில மிஷின் ஓடாது. இந்த மாதிரி மலிவுத் தராசு ஓடும். ஆனா சோர்ந்துபோய் எடையைக் குறைச்சுக் காட்டும்."

கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தராசு குறைத்துக் காட்டினால் தட்டில் கூட்டித்தானே போட வேண்டும்?

"வோல்டை மாத்திக்கிற மாதிரி அடாப்டர் ஏதாவது இருக்கா?"

இருந்தது. முதுகில் சின்னக் குமிழ். நகர்த்தினால் ஆறு, ஏழரை, ஒன்பது, பன்னிரண்டு.

"செருகுற முனையில உள்ளே பிளஸ், வெளியே மைனஸ். உங்க தராசுக்குப் பொருந்தும். குமிழை ஒன்பதுல வைங்க."

"ஏழரையில வச்சா?"

"ஏழரைதான்."

வழியிலேயே குமிழை ஏழரைக்கு நகர்த்திவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தார்.

தராசு மங்கலாகக் கண் விழித்தது. அன்று இரவு வந்த தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குன்று மாதிரி முந்நூறு கிராம். மின்சாரம் கண்டுபிடித்தவர்களை மனதார வாழ்த்தியபடி சாப்பிட்டார். இரண்டு நாள் வாழ்ந்தார்.

மூன்றாம் நாள் தட்டு பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. மனைவி கடைத்தெருவுக்குப் போனதும் அடாப்டரைப் புரட்டிப் பார்த்தார். குமிழ் ஏழரையிலேயே இருந்தது. ஆறுக்குத் தள்ளினார். தராசு கண்ணையே மூடிக்கொண்டது. பன்னிரண்டைத் தொடத் தைரியம் வரவில்லை. ஏழரையில் கிடந்து தராசுக்குக் கோளாறு வந்துவிட்டதோ என்று பயந்து, ஒழுங்காக ஒன்பதில் வைத்தார்.

அன்று வந்த தட்டில் பாதி பீங்கான்தான் தெரிந்தது.

வோல்ட் ஏறினால் சாப்பாடு இறங்குமா? எந்த விதி இது? பசியும் ஆர்வமும் சேர்ந்து பிடுங்க, மறுநாள் அவள் பரிமாறும்போது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். இருநூற்றிருபது என்று காட்டியதும் கரண்டி நின்றது.

"முந்நூறுதானே என் கணக்கு?"

"இது முந்நூறுதாங்க. இந்த மிஷின் குறைச்சுக் காட்டுது. எனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் சந்தேகம் வந்துது. பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வச்சுப் பார்த்தேன். எழுநூத்திச் சொச்சம் காட்டிச்சு. அதுலேர்ந்து இருநூத்திருபதோட நிறுத்திக்கிறேன்."

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய? தராசு இப்போது சரி என்று சொன்னால், முன்னால் ஏன் சரியில்லை என்ற கேள்வி வரும்.

"பொட்டலத்தை இன்னொரு தடவை வச்சுப் பாரேன்."

"ஏன்? இடையில என்ன மாறிருச்சு?"

தட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மானமா சாப்பாடா என்று வயிற்றையே கேட்டார். அது உடனே பதில் சொன்னது.

"நேத்து ஒன்பதுல வச்சேன்."

"அதுக்கு முன்னாடி?"

"ஏழரை."

அவள் கோபப்படவில்லை. கரண்டியைக் கழுவி மாட்டினாள். "நேத்தே தெரியும். கடைத்தெருவுலேர்ந்து வந்து மறுபடி வச்சப்போ பொட்டலம் சரியா ஒரு கிலோ காட்டிச்சு. நீங்களா வாயைத் திறக்கிறீங்களான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"திறந்துட்டேனே. இனிமே நிஜ முந்நூறு போடுவேல்ல?"

"எதுக்குங்க? இருநூத்திருபதுலயே ஒரு நாளை ஓட்டிட்டீங்க, இனிமே அதுதான் உங்க அளவு."