மண்ணைக் கலக்கிய வெண்டல்

மண் புகைந்துகொண்டிருந்தது.

முதலில் வெண்டல் ஸ்ட்ரேக் அதைப் பனிமூட்டம் என்றுதான் நினைத்தார். மே மாதக் காலையில் ஹம்போல்ட் மலைச்சரிவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பனிமூட்டம்தான். ஆனால் பனிமூட்டம் என்றால் மலை முழுக்க இருக்க வேண்டும். தன் வீட்டுக் கொல்லையில், தான் கலந்து குவித்த மண்மேட்டின் உச்சியிலிருந்து மட்டும் கிளம்பக்கூடாது. அருகே போய் முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்த்தார். விட்ட வேகத்தைவிட எடுத்த வேகம் அதிகம்.

"என்ன, வெந்துடுச்சா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள் மனைவி ஜோனி.

"நுண்ணுயிரெல்லாம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். நல்ல அறிகுறி."

"போன வருஷமும் நல்ல அறிகுறின்னுதான் சொன்னே. நட்ட செடியெல்லாம் இலை நுனி கருகிச் செத்துச்சு. அதுக்கு முந்தின வருஷமும் நல்ல அறிகுறிதான். அதுக்கும் முந்தின வருஷத்தை நான் பேசவே விரும்பல."

வெண்டல் ஃப்ரெஸ்னோ நகரத்தில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். யாருக்கு என்ன விபத்து நேர்ந்தாலும் தப்பு அவர்கள் மேல்தான் என்று நிரூபித்துக் கொடுப்பது அவர் வேலை. அந்தத் திறமையோடு ஓய்வு பெற்று, கஞ்சாச் செடி வளர்ப்பதற்காக இந்த மலைக்கு வந்தார். வீட்டுக்கு ஆறு செடி வரை வளர்க்கலாம் என்று சட்டமே அனுமதித்த பிறகு, இங்கே ஒரு மனிதனின் மதிப்பு என்ன என்பதை அவன் செடியின் உயரத்தை வைத்தே ஊர் முடிவு செய்தது.

கீழ் வீட்டு லோர்னா பெட்டிபோன் ஏணி போட்டு அறுவடை செய்தாள். கடைசி இரண்டு அறுவடை விழாவிலும் முதல் பரிசான நீல ரிப்பன் அவளுக்குத்தான். வெண்டலின் செடிகளைப் பார்க்க வந்த மைத்துனர் கோர்டன், "பார்ஸ்லிக் கீரை நல்லா வந்திருக்கே, சூப்புக்குக் கொஞ்சம் கிள்ளிக்கட்டுமா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் வெண்டலால் தாங்க முடியவில்லை.

ஆகவே இணையத்தில் தாடி வைத்தவர்கள் எல்லோரையும் கேட்டார். வௌவால் எச்சம் இல்லாமல் செடி வளராது என்றது ஒரு தாடி. அதெல்லாம் பழைய கதை, நண்டு ஓடுதான் சங்கதி என்றது இன்னொன்று. மூன்றாவது தாடி முந்தைய இரண்டையும் முட்டாள் என்று சொல்லிவிட்டு எரிமலைக் கல் தூளைக் காட்டியது. வெண்டல் நியாயவான், யார் மனத்தையும் நோகடிக்க விரும்பவில்லை. எல்லாவற்றையும் போட்டார். மீன் தூள், எலும்புத் தூள், கடற்பாசி, மாட்டுத் தீவனமான குதிரைமசாலின் பொடி, மண்புழு உரம், போதாதென்று ஒரு வண்டி கோழி எருவும். அவ்வளவுக்கும் நடுவில் மண்ணும் கொஞ்சம் இருந்தது.

"இந்த வருஷமும் சொதப்பினா வீட்டை வித்துட்டு அரிசோனா போயிடலாம்" என்றாள் ஜோனி. "என் தங்கச்சி வீட்டுப் பக்கம் மண்ணே கிடையாது. வெறும் கல்லு. நிம்மதியா இருக்கலாம்."

பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஆறு நாற்றுகள் தொட்டியில் காத்திருந்தன. வேர் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, இனி போக்கிடம் இல்லை என்ற நிலை. இந்த வாரம் நட்டே தீர வேண்டும். இந்த மண்ணிலோ உருளைக்கிழங்கைத்தான் புதைக்கலாம், வெந்ததும் எடுத்துத் தின்னலாம்.

"சூடுதானே? ஆத்திட்டாப் போச்சு" என்று குழாயைத் திறந்தார் வெண்டல்.

அதுவரை காய்ந்து கிடந்த குதிரைமசால் பொடிக்குத் தண்ணீர் என்பது விருந்துச் சாப்பாடு மாதிரி. மதியத்துக்குள் புகை இரட்டிப்பானது. கூடவே ஒரு வாடையும் எழுந்தது. கோழியும் மீனும் ஒரே நாளில் செத்து, அதற்கு நண்டுகள் இரங்கல் கூட்டம் போட்டது போன்ற வாடை.

"வெண்டல், என் துணியெல்லாம் கொடியில கிடக்கு!"

"ஒரு நிமிஷம். வாடைக்குச் சுண்ணாம்பு போட்டா அடங்கிடும்."

"யார் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

எல்லாருக்கும் தெரிந்த அந்த விஷயம் கோழி எருவுக்குத் தெரிந்திருக்கவில்லை. சுண்ணாம்பு பட்டதும், கண்ணில் நீர் கொட்ட வைக்கும் அமோனியா நெடி குபீரென்று கிளம்பியது. கொல்லைப் பூனை வேலியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, பார்வையைத் தாண்டிப் போனது. துணி எடுக்க வந்த ஜோனி வாயைப் பொத்திக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

இந்தக் கட்டத்தில் ஒரு சாதாரண மனிதன் மண்வாரியைக் கீழே வைத்திருப்பான். வெண்டல் நாலாவது தாடியைக் கேட்டார். மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் கோபமாக இருக்கின்றன, அவற்றுக்கு இனிப்புக் கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டும் என்றது அது. வெண்டல் ஒரு வாளி வெல்லப்பாகைக் கரைத்து, மேட்டின் மேல் சுற்றிச் சுற்றி ஊற்றினார்.

நுண்ணுயிர்கள் சமாதானமாயினவா என்பது தெரியவில்லை. கரடி வந்தது.

நல்ல வளர்ந்த கறுப்புக் கரடி. மீன் வாசமும் வெல்ல வாசமும் ஒரே இடத்தில் கிடைப்பது அதன் வாழ்க்கையில் இதுவே முதல் முறையாக இருக்க வேண்டும். வெண்டலை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேட்டில் ஏறி, இரண்டு கையாலும் தோண்டி, அடிமண்ணை மேலே கொண்டுவந்து புரட்டியது. வெண்டல் ஒரு வாரம் முதுகு ஒடியக் கலந்ததைவிட அது சீராகவே கலந்தது. பிறகு, அடியில் வந்த இதமான சூடு பிடித்துப்போய், உச்சியில் உட்கார்ந்துகொண்டது.

ஜோனி ஊர்த் தீயணைப்புப் படைக்குப் போன் செய்தாள். அந்த மலையில் கூப்பிட்டால் வருகிறவர்கள் அவர்கள் மட்டும்தான். படைத் தலைவர் கர்ட்டிஸ் போனை எடுத்தார்.

"தீ எங்கம்மா?"

"தீ இல்ல. கரடி."

"கரடிக்கு நாங்க வர்றதில்லையே."

"புகையும் வருதே!"

"கரடியிலேர்ந்தா?"

"மண்ணுலேர்ந்து! கரடி அதுமேல உட்கார்ந்திருக்கு."

"வெண்டல் வீடா?" என்றார் கர்ட்டிஸ். "அதை முதல்லயே சொல்லக்கூடாதா? இதோ வர்றோம்."

வந்தார்கள். முன்னெச்சரிக்கையாகச் சங்கை முழு வீச்சில் ஊதிக்கொண்டே வந்தார்கள். கரடி எழுந்தது. தப்பிக்க அதற்கு மலை முழுவதும் திறந்து கிடந்தது, காடு இருந்தது, சாலை இருந்தது. அது பிளாஸ்டிக் கூடாரத்தைத் தேர்ந்தெடுத்தது. ஒரு பக்கம் கிழித்துக்கொண்டு நுழைந்து, மறுபக்கம் கிழித்துக்கொண்டு வெளியேறியது. உள்ளே இருந்த ஆறு நாற்றுகளில் ஐந்து சட்னி. ஆறாவது, கரடியின் முதுகில் ஒட்டிக்கொண்டு காட்டுக்குப் போயிற்று.

"எங்கேயாவது வேர் பிடிச்சுக்கும்" என்று கர்ட்டிஸ் ஆறுதல் சொன்னார். அவருடைய ஆட்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் கேட்டு லோர்னா மேலே ஏறி வந்தாள். எழுபதைத் தாண்டியவள், வெள்ளைச் சடை, கையில் ஒரு தட்டில் ஆப்பிள் பை என்னும் சுட்ட பலகாரம். தட்டை ஜோனியிடம் கொடுத்துவிட்டு மண்மேட்டருகே போனாள். ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினாள். அந்த நெடியில் ஒரு மனுஷி அவ்வளவு நிதானமாக மூச்சிழுத்ததைப் பார்த்துத் தீயணைப்பு வீரர்களே அசந்துபோனார்கள்.

"எல்லாம் போச்சு, லோர்னா" என்றார் வெண்டல். "நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. உங்க மண்ணுக்கு என்னதான் செய்யறீங்க?"

"நான் என்னப்பா செய்யறேன்? ஒண்ணுமே செய்யறதில்ல. அது பாட்டுக்குக் கிடக்கும்."

"நான் இவ்வளவு பாடுபட்டும்..."

"பாடுபட்டேதான். யார் இல்லேன்னு சொன்னா?" லோர்னா அவர் தோளைத் தட்டினாள். "ஆனா இதுல எதை நட்டாலும் ஒரே வாரத்துல கருகிடும். வச்சு வச்சுப் பார்த்து மனசை வருத்திக்காதே. வாரிக் கொட்டிடு. போற வழியில ஏமோஸ்கிட்டச் சொல்லிட்டுப் போறேன், வருஷா வருஷம் வர்ற மாதிரி லாரி எடுத்துட்டு வருவான்."

"இப்படி ஒரு நல்ல மனுஷியா!" என்றாள் ஜோனி, அவள் இறங்கிப் போன பிறகு. "நீயோ அவங்களைப் பார்த்துப் பொறாமைப்படறே."

வெண்டலுக்கு வெட்கமாக இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அந்த ஆப்பிள் பலகாரத்தைத் தின்றார். ருசியாக இருந்தது, அது இன்னும் வருத்தமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விபத்தை ஆராய்ந்து, தப்பு தன் மேல்தான் என்ற முடிவுக்கு வந்தார்.

"ஜோனி."

"என்ன?"

"அரிசோனாவுக்கே போயிடலாம்."

ஜெயித்துவிட்டவள் காட்ட வேண்டிய மகிழ்ச்சி ஜோனியின் முகத்தில் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டையில் ஒட்டியிருந்த நண்டு ஓட்டை எடுத்துப் போட்டாள்.

மாலைக்குள் ஏமோஸ் லாரியோடு வந்தான். மூக்கில் கைக்குட்டை கூடக் கட்டாமல், விசிலடித்துக்கொண்டே மேட்டை வாரி ஏற்றினான். சிந்திய மண்ணைக்கூடக் கையால் கூட்டி அள்ளி உள்ளே போட்டான். குப்பை அள்ளுவதில் இவ்வளவு சிரத்தையா என்று வெண்டலுக்கே மனம் இளகியது. பின்கதவைத் தாழிட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அவன் வண்டியில் ஏறியபோது அருகே போய் நின்றார்.

"ஏமோஸ், இதுதான் கடைசி. அடுத்த வருஷம் உனக்கு இந்தத் தொந்தரவு இருக்காது. நான் மண் கலக்கறதை விட்டுட்டேன்."

ஏமோஸின் முகம் விழுந்துவிட்டது. வண்டியை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"என்ன சார், இப்படித் திடீர்னு குண்டைத் தூக்கிப் போடறீங்க? வருஷா வருஷம் நான் கீழ் வீட்டுல கொண்டுபோய்க் கொட்டற மண்ணை ஒரு மழைக்காலம் முழுக்க மூடி வச்சு ஆறவிட்டு, அதுல நட்டுத்தானே லோர்னாம்மா ரெண்டு ரிப்பன் வாங்கினாங்க, நீங்க விட்டுட்டா அவங்க கதி என்ன?"