ராபின்சனுக்குப் பதினான்கு மனுக்கள்

பாறசாலை,
12-9-1981, சனிக்கிழமை.

அன்பு மகன் ராபின்சனுக்கு அப்பா ராஜையா எழுதுவது. கர்த்தருடைய சமாதானம் துபாய் வெயிலிலும் உன் தலைக்கு மேலே குடையாக இருப்பதாக. நானும் உன் அம்மா சத்தியபாயும் உன் தங்கை விமலகுமாரியும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம். ‘சுகம்’ என்று எழுதுவதுதான் முறை, ஆனால் இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. காரணம் போகப் போகத் தெரியும். பொன்னப்பன் கையில் நீ கொடுத்துவிட்ட சாமான்கள் வந்து சேர்ந்தன. லுங்கி என் இடுப்புக்கு இரண்டு சுற்று வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம், விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது என்று ஒரே ஒரு வரி எழுதி, கூடவே ஒரு போட்டோவும் வைத்திருந்தாய். மூன்று மாடி உயரப் பலகையில் ஒரு பெண்பிள்ளை பற்பசையைக் கையில் பிடித்துச் சிரிக்கிறாள், அவளுடைய ஒவ்வொரு பல்லும் நம் வீட்டுக் கதவளவு இருக்கிறது, கீழே நீ வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறாய். அதைச் சட்டம் போட்டு முன்னறையில், கதவைத் தட்டுகிற இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். வந்தவர்கள் போனவர்களிடம் எல்லாம், இது என் மகன் செய்தது என்றேன். பொய் சொல்லுகிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. பிள்ளைகள் ஒரு வரி எழுதினால் மீதியை அப்பாமார்தான் எழுதிக்கொள்கிறார்கள். உன் காலடியில் கிடந்த வாளி எதற்கு என்று ஒருவர் கேட்டபோது, அங்கே செடிக்குத் தண்ணீர் விடுவார்கள் என்று அதற்கும் விளக்கம் கொடுத்தேன்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் கிடந்தவர்களுக்குப் பத்து சென்ட் சொந்தமாகும் என்று சட்டம் வந்த காலத்தில், அத்தனை பேருக்கும் மனு எழுதிக் கொடுத்தது மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரான நான்தான். எழுதிய நாற்பது மனுவில் முப்பத்தெட்டுக்குப் பட்டயம் வந்தது. ராஜையா சார் எழுதினால் கிடைக்கும் என்று அன்றைக்கு ஒரு நம்பிக்கை ஏற்பட்டது. ஓய்வு பெற்றபின் அந்த நம்பிக்கையும் ஓய்வு பெற்றுவிட்டது என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். உன் போட்டோ அதை எழுப்பிவிட்டது.

முதலில் வந்தவன் நம் கிழக்கு வேலிக்கு அப்புறம் இருக்கிற குட்டப்பன். தலையில் கட்டியிருந்த துண்டை என் முன்னால் அவிழ்த்தான். உள்ளே வழக்கமாக என்ன உண்டோ அதுதான் இருந்தது, அதாவது ஒன்றும் இல்லை. பத்திரிகையில் வந்த முடித்தைலம் விளம்பரத்தை நான்காக மடித்து மடியில் வைத்திருந்தான். “சாரே, முப்பது நாளுண்ணு சாருக்க மோன் இதுல எழுதியிருக்கான். இண்ணைக்கு முப்பத்தொண்ணு. எனக்க தலையப் பாத்துட்டு சாரு ஒரு நியாயம் பறையணும்” என்றான். என் மகனுக்கும் இந்தத் தைலத்துக்கும் சம்பந்தம் இல்லையப்பா என்றேன். அவன் சுவரில் உன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “பத்து சென்டுக்கு மூணு வருஷம் நெய்யாற்றின்கரை தாலுக்கா ஆபீசுக்கு நடந்தவனாக்கும் நான். முடிக்கும் நடப்பேன். சாரு மனுவ எழுதும்” என்றான். நானும் எழுதினேன். நிலத்துக்கு எழுதிய அதே வாசகம்தான். மேற்படி இடம் பல வருஷமாகத் தரிசாகக் கிடக்கிறபடியால் என்கிற வரிகூட மாற்றாமலே பொருந்திவிட்டது.

அடுத்தவன் அம்பூரியில் ரப்பர் வெட்டுகிற மணியன். ஒரு கால் கட்டோடு, இரண்டு பஸ் மாறி வந்தான். டார்ச் செல் விளம்பரம் ஒன்று உண்டு, நீயும் பார்த்திருப்பாய், ஒருவன் டார்ச்சை அடிக்கிறான், எதிரே புலி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறது. மணியன் அதே செல்லை வாங்கிப் போட்டு, மரச்சீனித் தோட்டத்தில் கிழங்கு தோண்ட வந்த காட்டுப்பன்றியின் முகத்தில் அடித்திருக்கிறான். “படத்துல புலி ஓடிச்சு சாரே, பண்ணி ஓடல்ல. வெளிச்சம் எங்கேருந்து வருதுண்ணு பாக்க எனக்க நேரே வந்தது” என்றான். செல்லில் குறை உண்டா என்று கேட்டேன். இல்லையாம், நல்ல வெளிச்சமாம், பன்றி வருவது நன்றாகத் தெரிந்ததாம். அவன் கேட்பது வேறு. இனி வரையும்போது புலிக்குப் பக்கத்தில் ஒரு பன்றியையும் வரைந்து, அது ஓடாது என்று கீழே ஒரு வரி எழுத வேண்டுமாம். இது நியாயமான கோரிக்கை என்று எனக்கே தோன்றிவிட்டது, அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இவர்களையெல்லாம் எங்கேயாவது போய்ச் சொல்லுங்கள் என்று விரட்டியிருக்கலாமே என்று நீ கேட்பாய். விரட்ட முடியாமல் செய்தவள் முந்திரி ஆபீசில் கொட்டை உடைக்கிற குஞ்சம்மா. அவள் புகார் சொல்ல வரவில்லை, நன்றி சொல்ல வந்தாள். ஏதோ சோப்பு விளம்பரத்தைப் பார்த்து வாங்கித் தேய்த்தாளாம், முந்திரிக் கறை பிடித்த கை மணக்கிறதாம். “இருபது வருஷத்துக்குப் பெறகு எனக்க மாப்பிள எனக்க கையப் பிடிச்சு மணத்திப் பாத்தாரு சாரே. ராபின்சன் மோனுக்கு நல்லது வரட்டும்” என்று கண் கலங்கி, ஒரு நேந்திரங்குலையை வைத்துவிட்டுப் போனாள். நான் அந்தக் குலையை வாங்கினேன், ராபின்சன். சிப்ஸும் வறுத்தோம். நன்றியைக் கை நீட்டி வாங்கியவன் புகாரை வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்லுவான்? அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். மொத்தம் பதினான்கு மனு. நம் ஆலயத்துப் போதகர் ஐயர்கூட, சினிமா கொட்டகையில் காட்டுகிற சிகரெட் படத்தை நிறுத்தும்படி உன்னிடம் சொல்லச் சொல்லி, வாலிபர்களுக்கான ஜெபத்தில் உன் பெயரைத் தனியாகச் சேர்த்திருக்கிறார். எனக்கு அலுத்துவிட்டது. ரேடியோவில் பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்கினால் அணைத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டில் அணைப்பதில்லை, அங்கிருந்து அது முழுதாகக் கேட்கிறது. நாளைக்கு யார் வருவார்கள் என்று அதை வைத்தே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த நிலைமையில்தான் இரண்டு வாரத்துக்கு முன்னால் பெருங்கடவிளையிலிருந்து செல்லையன் விமலாவைப் பெண் பார்க்க வந்தார். சந்தையில் கடை வைத்திருக்கிறார், மகன் சுந்தரதாஸ் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தா. நல்ல பையன், விமலாவுக்குப் பிடித்திருக்கிறது. அவள் வாயால் சொல்லவில்லை, அதன்பிறகு இரண்டு நாள் பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். செல்லையன் காப்பி குடித்தபடி உன் போட்டோவையே பார்த்தார். “இந்த டானிக்குக்க பரஸ்யம் எல்லாம் வருதே, அதுவும் உங்க மோனுக்க கம்பெனியாக்குமா?” என்று டானிக் விளம்பரங்களைப் பற்றிக் கேட்டார். பெரும்பாலும் அவன் கை படாமல் ஒன்றும் வெளியே வராது என்று சொன்னேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சபையாருக்கு முன்னால் கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பதாகப் பேச்சு.

போன செவ்வாய்க்கிழமை பொன்னப்பன் வந்தான். லீவில் ஒற்றசேகரமங்கலத்துக்கு வந்தவன், உன் சாமானைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சிரித்தான். “அந்த வாளி எனக்க வாளியாக்கும் சாரே. பசை வாளி. ராபின்சன் ஏணியில ஏறி ஒட்டுவான், நான் கீழ நிண்ணு ஏணியப் பிடிப்பேன். அந்தப் பொம்பளைக்கு ஒரு பல்லு ஒட்ட ஒரு மணிக்கூர் ஆச்சு” என்றான். அவன் நல்ல மனதோடு மேலும் சொன்னான். “இவனப்போல ஒட்டுதவன் அங்க வேற இல்ல. காத்து அடிச்சா மட்டும் கஷ்டம், பேப்பரு ஆளையும் சேத்து இழுக்கும்.” உன் அம்மா அடுக்களை வாசலில் ஆப்பத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து அவனுக்கு மூன்று ஆப்பம் வைத்தாள், குழம்பு ஊற்ற மறந்துவிட்டாள்.

அவன் போகும்போது நான் பின்னாலேயே படலை வரைக்கும் நடந்துபோய், இதை ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதைச் சொன்ன பிறகு எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. உன் வேலையை நினைத்து எனக்கு வெட்கமில்லை, மகனே, சத்தியமாக இல்லை. உனக்கு எழுதிக் கொடுக்க என்னிடம் ஒரு பெரிய உத்தியோகம் தயாராக இருந்தது, நீ செய்கிற வேலை என்ன என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை, அதற்காகத்தான் வெட்கம். வியாழக்கிழமை நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் பெரிய குடை விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். முன்பானால் குடையைப் பார்ப்பேன். அன்றைக்கு மேல் மூலையைப் பார்த்தேன், யார் பிள்ளை அவ்வளவு தூரம் எட்டி ஒட்டினானோ என்று. பாறசாலை பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் போனது.

இருந்தாலும் விமலாவின் காரியம் இருக்கிறது. உத்தியோகஸ்தன் என்று சொல்லி ஏணிக்காரனைக் காட்டினான் என்று செல்லையன் முகம் திருப்பினால் என்ன செய்வது? ஓலை வாசித்தபின் நின்றுபோன கல்யாணத்தை ஒரு பெண்ணுக்கு இந்த ஊர் மறக்காது. ஆகையால், எனக்குப் பிடிக்காமலேதான் கேட்கிறேன். உன் கம்பெனி பெயர் அச்சடித்த ஒரு தாளில், நீ விளம்பரங்களை யோசித்து உண்டாக்குகிற பகுதியில் அதிகாரி என்று செல்லையனுக்கு ஒரு கடிதம் போடு. வாசகத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், நீ கையெழுத்து வைத்தால் போதும். இது நான் எழுதுகிற கடைசி மனுவாக இருக்கட்டும். பதினான்கு மனுக்களையும் தனியாக அனுப்புகிறேன், அவற்றை என்ன செய்வது என்று உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை உண்டானால் தவறவிடாதே. பகலில் சூரியனும் இரவில் நிலவும் உன்னை வருத்தாமல் காக்கிறவர், அங்கே வீசுகிற காற்றையும் பார்த்துக்கொள்வாராக.

உன் அப்பா,
ராஜையா (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பி.கு. செவ்வாய்க்கிழமை எழுதுவது. மேலே செல்லையனுக்குக் கடிதம் போடச் சொன்னேனே, போடாதே. நான் எழுதி வைத்த வாசகத்தையும் எடுத்துவிட்டேன். நேற்று காலை கடிதத்தைப் பெட்டியில் போடப் புறப்பட்டபோது முன்னறைச் சுவரில் இயேசு மட்டும் தட்டிக்கொண்டிருந்தார், உன் போட்டோ இல்லை. வீட்டில் உன் அம்மாவும் இல்லை, விமலாவும் இல்லை. மத்தியானம் இரண்டு பேரும் பெருங்கடவிளை பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள், அம்மா கக்கத்தில் போட்டோ இருந்தது. நடந்ததை விமலா சொன்னாள். செல்லையன் கடையில் போய், படத்தை அவர் முன்னால் வைத்து, “எனக்க மோன் இத உண்டாக்கல்ல. ஏணியில ஏறி ஒட்டுதான். எனக்க வீட்டுக்காரருக்கு வாயி கொஞ்சம் நீளம், மனசு கெட்டவரு இல்ல. இனி உங்க இஷ்டம்” என்று அம்மா சொன்னாளாம். செல்லையன் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இத முன்னமே பறயாண்டாமா அம்மா? அந்தப் பரஸ்யத்தப் பாத்து ஆறு மாசம் டானிக் குடிச்சு வயிறு கெட்டவனாக்கும் நான். அதச் செய்தவனுக்க வீட்டுல பெண்ணெடுக்கணுமாண்ணு ரெண்டு வாரமா எனக்கு ஒறக்கம் இல்ல. வேண்டாம்ணு பறஞ்சுவிட நாளைக்கு ஆளனுப்ப இருந்தேன்” என்றாராம். ஓலை முதல் ஞாயிறே வாசிக்கப்படும்.

குட்டப்பனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்படியானால் அவனுடைய மனுவை அந்தப் பெரிய பலகையிலேயே ஒட்டச் சொல்லுகிறான், அங்கேயானால் எல்லாரும் வாசிப்பார்களாம்.

இன்னொன்று. முப்பதாம் தேதி பொன்னப்பன் திரும்பும்போது உனக்கு ஒரு பொட்டலம் கொண்டுவருவான். கனமாக இருக்கும், அவனைத் திட்டாதே. செல்லையன் கடையில் விற்பது கயிறு. உன் அம்மா வெளியே இறங்கும்போது அவர் கூப்பிட்டு, புதுக் கயிற்றுச் சுருள்களையெல்லாம் தள்ளிவிட்டு, உள்ளே இருந்து ஒன்றை எடுத்து, இருபது முழம் அளந்து, “ஏறும்போ இடுப்புல கெட்டச் சொல்லும். இதுக்குப் பரஸ்யம் ஒண்ணும் கெடையாது, எனக்க எருமையக் கெட்டிப் பாத்ததாக்கும்” என்று கொடுத்தாராம். கம்பெனி கயிறு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இதைக் கட்டாமல் நீ ஏணியில் ஏறக்கூடாது என்று எழுதச் சொல்லிவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்.