பத்தோ பதினொன்றோ

கேப் மூன்றாம் முறையும் கழன்று விழுந்தது. சிவக்கொழுந்தர் முற்றத்து மணலில் முழந்தாளிட்டுத் தேடினார். பயறளவு செப்புத் தொப்பி. பழைய துவக்கின் பின்புற முனையில் அதைக் கவிழ்த்து, விசையை இழுத்துச் சுத்தியல் விழுந்தால், குழலுக்குள் வெடிமருந்து பற்றி வெடிக்க வேண்டும்.

"விசில் ஊதினா பெடியள் ஓடமாட்டாங்களோ?" என்றாள் மனைவி மகேஸ்வரி.

"ஊரை அதிகாரம் பண்ணின விதானையார் பரம்பரை விசில் ஊதுறதோ?"

நாளைக்குச் சனசமூக நிலைய விளையாட்டுப் போட்டி. அழைப்பிதழே அச்சாகிவிட்டது: 'விதானையாரின் துவக்கால் ஓட்டத்தைத் தொடக்கி வைப்பவர் அன்னாரின் பேரன்.' சுவர்ப் படத்தில் அப்பப்பா அதே துவக்கோடு, கோட்டும் பதக்கமுமாக நின்றார். மீசை மட்டும் ஒரு பக்கம் சற்றுச் சரிந்திருந்தது.

"சண்டைக் காலத்திலை வீடு சோதிக்க வந்த மூண்டு படை இந்தத் துவக்கைப் பாத்தது. மூண்டும் மரியாதையாத் திருப்பித் தந்திட்டுப் போனது. தெரியுமோ?"

"சிரிச்சுக்கொண்டெல்லோ தந்தவங்கள்."

பத்தாம் நம்பர், பதினோராம் நம்பர் என்று இரண்டு டப்பா கேப் கொடுத்தவன் வன்னியில் லைசென்ஸ் துவக்கு வைத்திருக்கும் மைத்துனன் குகதாசன். போனில் சொன்னான்: "அத்தான், பதினோராம் நம்பர் லூசெண்டா விளிம்பை நெரிச்சுப் போடுங்கோ."

நெரித்தார். சுத்தியல் விழுந்தது. 'டிக்.' கேப் வெடித்தது, துவக்கு வெடிக்கவில்லை.

"அப்ப உங்கடை பத்தாம் நம்பர் துவக்கு. மற்ற டப்பாவை எடுங்கோ."

பத்து இறங்க மறுத்தது. தட்டி இறக்கப் பார்த்தார். 'டிக்.' கேப் வெடித்துப் பெருவிரல் கறுத்தது. அரத்தால் முனையை அராவினார். இப்போது பத்தும் லூஸ்.

"அராவினனீங்களோ?" என்றான் குகதாசன். "மெழுகு வைச்சு ஒட்டுங்கோ அத்தான். பிறகு கடவுள் விட்ட வழி."

மறுநாள் மைதானத்தில் எட்டுப் பேர் கோட்டில் குனிந்தார்கள். சிவக்கொழுந்தர் வானத்தைக் குறி வைத்தார்.

'டிக்.'

இரண்டு பேர் ஓடினார்கள். ஒருவன் குப்புற விழுந்தான். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"விதானையாரின் துவக்கு இன்னும் சில வினாடிகளில் முழங்கும்," என்றது ஒலிபெருக்கி.

'டிக்.'

நாலாம் தரம் குனிந்தபோது கோட்டில் மூன்று பேர்தான் மிச்சம். விளையாட்டு ஆசிரியர் கோபிசங்கர் மெதுவாக விசிலை எடுத்தார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அறுபத்தெட்டு வருடம் நிமிர்ந்து நடந்த மனிதருக்கு அந்த மைதானம் வெடித்துத் தன்னை விழுங்காதா என்றிருந்தது.

"ஊதாதையும் மாஸ்டர்! கேப் சைஸ்தான் பிழை! ஒன்பதாம் நம்பர் வேணும்!" என்று கத்தினார் சிவக்கொழுந்தர்.

வெல்டிங் கடை டினேஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். துவக்கை வாங்கி, முனையில் ஊசிக் கம்பியால் குத்திப் பார்த்தான். பிடியைத் திருப்பி, அடியில் வெட்டியிருந்த பட்டறை அடையாளத்தைத் தடவினான். பிறகு, பெரியவர் மனம் நோகக்கூடாதே என்று, குரலைத் தாழ்த்தினான். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

"ஐயா, நம்பரிலை ஒரு பிழையும் இல்லை, இந்த முனையிலை நெருப்பு உள்ளை போக ஓட்டையே இல்லை, உங்கடை அப்பப்பா நாடகத்திலை விதானையாரா நடிக்கேக்கை எங்கடை பூட்டனார் அடிச்சுக் குடுத்த துவக்கெல்லோ இது."