கறுப்பு முடிச்சும் வாதுமைக் கன்றும்

அந்த வசந்தத்தில் பக்மல் மலைச்சரிவின் கழுதைகள் அனைத்தும் ஒரே தோட்டத்தை நோக்கி நடந்தன. அவற்றின்மேல் அமர்ந்திருந்தவர்களும் அவ்வாறே. பெரிய வேறுபாடு தெரியவில்லை.

அது தோஷ்மத்தின் தோட்டம். அங்கே நாற்றங்காலில் வாதுமைக் கன்றுகள் வாடின. மந்திரவாதி மீர்ஹாலிக் வேரடியிலிருந்து கண்ணேற்றைக் கையாலேயே பிடித்து எடுக்கிறாராம்! இதைக் காணாமல் யார் வீட்டில் இருப்பார்கள்?

அகலக் கைகளுள்ள அங்கியோடு அவர் மண்ணைத் துழாவுவார். கறுப்பு நூல் முடிச்சொன்று வெளிவரும். கூட்டம் வாய் பிளக்கும். பின்னர், நாள்தோறும் வேர் நனைய மந்திர நீர் ஊற்றும்படி ஆணையிடுவார். கன்றுகள் முன்னிலும் விரைவாகச் செத்தன. அவர் புகழ் வளர்ந்தது. காணிக்கைக் கிடாக்களால் வயிறும் வளர்ந்தது.

பழி தோஷ்மத்தின் புது மருமகள் ஒய்தின்மேல் விழுந்தது. கன்றுகளைப் புகழ்ந்தவள், கண் படாதிருக்க வழக்கப்படி ‘தூ, தூ’ என்று துப்ப மறந்துவிட்டாள்.

“இவ இங்க இருக்கிற வரைக்கும் ஒரு கன்னும் பிழைக்காது” என்றார் மீர்ஹாலிக்.

“நல்லா இருக்குன்னு சொன்னது தப்பா மாமா?” என்று அழுதாள் ஒய்தின். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வாசலில் வண்டி நின்றது.

அப்போது தோஷ்மத்தின் தமக்கை ஹோசியத் வந்தாள். பள்ளியில் தாவரப் பாடம் நடத்துபவள். கையில் ஒரு தொட்டி. அதில் காய்ந்த கன்று.

“என்னடா, மருமகளை வண்டி ஏத்திட்டியா?”

“நான் என்னக்கா பண்ணுவேன்? முடிச்சு வருதே!”

“வரட்டும். ஐயா, என் கன்னும் வாடிப்போச்சு. கொஞ்சம் பாருங்க.”

மீர்ஹாலிக் துழாவினார். முடிச்சு வந்தது.

“பார்த்தியாம்மா? பனி விழறதுக்கு முன்னாடியே வெச்ச கண்ணு! வேரையே சுத்திக்கிட்டிருக்கு!”

“எந்த வேரை?” என்று ஹோசியத் தொட்டியிலிருந்த கன்றைப் பிடுங்கிக் காட்டினாள். “இது எங்க வீட்டு விளக்குமாத்துக் குச்சி. காலையில இவங்க எல்லாரும் பார்க்கத்தான் மண்ணைச் சலிச்சு, இதைக் குத்தி வெச்சேன்.”

அவளுடன் வந்த அண்டைவீட்டுப் பெண்கள் தலையசைத்தனர். ஒருத்தி மந்திரவாதியின் அங்கிக் கையைப் பிடித்து உதறினாள். முடிச்சுகள் உதிர்ந்தன.

“அடேங்கப்பா, கண்ணேறு கொத்துக்கொத்தாக் காய்ச்சிருக்கே!”

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் மீர்ஹாலிக் கழுதையை விரட்டிக்கொண்டு மறைந்தார்.

“அப்போ கன்னெல்லாம் ஏன்க்கா சாவுது?”

ஹோசியத் ஒரு கன்றின் அடிமண்ணை விலக்கினாள். பட்டை கறுத்து அழுகியிருந்தது, வெண்பூஞ்சை படர்ந்திருந்தது.

“குளிருக்கு மாதுளையைப் புதைக்கிற மாதிரி இதுக்கும் தண்டு மூட மண் அணைச்சே. குளிர் போனதும் மாதுளையைத் திறந்துவிட்டே; இதை மறந்துட்டே. அது மேல தினம் தண்ணி வேற! பூஞ்சைக்கு விருந்தே வெச்சிருக்கீங்க. மண்ணை விலக்கு, தண்ணியை நிறுத்து, அழுகினதைப் பிடுங்கி எரி. மிச்சமாவது தேறும்.”

தோஷ்மத் தலைகுனிந்து நடந்து, மருமகளின் மூட்டையை வண்டியிலிருந்து தானே இறக்கினார்.

தண்டுகளை மூடிய மண்ணை அன்றே விலக்கிவிட்டார்கள். அறிவை மூடிய மண்ணை அவரவர்தாம் விலக்கவேண்டும். அதற்கு மண்வெட்டி தேவையில்லை. ஒரு கேள்வி போதும்.