திறப்பரின் காது

புங்குடுதீவில் எத்தனையோ பூட்டுகள் உண்டு. அத்தனையையும் திறந்த கையால் தன் காதையும் திறக்கப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் திறப்பர்தான்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எங்கள் மடத்துவெளிப் பக்கத்து ஆட்கள் சுவிசுக்கும் லண்டனுக்கும் போய்ப் பூட்டிக் கிடக்கிற வீடுகளின் சாவிகள், எங்கள் பேச்சில் திறப்புகள், எல்லாம் அவர் இடுப்பில்தான் தொங்கும். கிழமைக்கு ஒருமுறை போய் யன்னல்களைத் திறந்து, வீட்டுக்குக் கொஞ்சம் மூச்சுக் கொடுத்து, திரும்பப் பூட்டுவார். பூட்டிய கையோடு அதே திறப்பைக் காதுக்குள் விட்டு ஒரு சுற்று. கண் செருகும். உலகம் ஒரு கணம் வழுக்கிப் போகும்.

“சுவிஸ்காரற்றை கேற்றுத் திறப்பு முரடு, தம்பி. லண்டன்காரற்றை அலுமாரித் திறப்புத்தான் அடிவரைக்கும் போகும்” என்பார், மாம்பழச் சாதி சொல்பவர் போல.

கனடாவில் இருக்கிற மகள், அந்தக் காதுக்குப் பயந்து பஞ்சுக் குச்சிகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பினாள். முதலில் திறப்பு, பிறகு மெருகுக்குப் பஞ்சு என்று ஆக்கிக்கொண்டார். காதுக்குள் கிடக்கிற ஊத்தை வெளியே வருகிறது என்று அவர் நம்பினார். அதுவோ சாக்குக்குள் மிதித்த உமி மாதிரி உள்ளே இறுகிக்கொண்டு போனது.

ஒருநாள் கிணற்றடியில் தலைக்கு வார்த்தார். தண்ணீர் பட்டு ஊத்தை ஊதி, இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. தான் செவிடாகிவிட்டதாக முடிவுகட்டினார். ஒருவருக்கும் சொல்லவில்லை. காது கேளாத காவற்காரனிடம் ஆர் வீட்டை ஒப்படைப்பார்கள்? தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். நாடகத்து மாமியார் அழுதால் ஒழுங்கை வீடுகள் முழுக்கச் சோறு இறங்காது. ஆர் என்ன கேட்டாலும் “ஓம்” என்றார்.

மகள் போன் எடுத்தபோது நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். போனிலும் சத்தம் உச்சத்தில்.

“அப்பா, சாப்பிட்டீங்களோ?”

“ஓம்.”

“என்ன கறி?”

“ஓம், ஓம்.”

“உங்களுக்கு எல்லாம் மறந்துபோகுது, அப்பா. பட்டணத்தில ஒரு முதியோர் இல்லத்தில இடம் கேட்டிருக்கிறன். வாற மாதம் ஆக்கள் வந்தால் போவீங்கள்தானே?”

“ஓம் பிள்ளை, சந்தோசம்!”

அவர் போனை வைத்ததும் காதுக்குள் கத்தினேன். “அண்ணை, உங்களை இல்லத்தில விடப் போகினம்! நீங்களே ஓம் எண்டிட்டீங்கள்!”

முகம் வெளிறியது. திறப்புக்கொத்தை இரண்டு கையாலும் பொத்தினார். “நான் போனால் இந்த வீடுகளுக்கு ஆர் காத்து விடுறது?”

“திரும்ப எடுத்து ஏலாது எண்டு சொல்லுங்கோ.”

“என்னெண்டு? அவள் திருப்பி என்ன கேட்டாலும் எனக்குக் கேளாதே!”

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா காதுக்குள் விட நல்லெண்ணெயைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டு ஓடிவந்தா. சட்டியைக் கண்டதும் நான் அவரைப் பட்டணத்து பஸ்ஸுக்குள் தள்ளினேன்.

ஆசுப்பத்திரியில் ஒரு டொக்டர் பிள்ளை வெளிச்சம் அடித்துப் பார்த்தா. “ஐயா, நீங்கள் செவிடில்லை. ஊத்தைதான் அடைச்சுக் கிடக்கு. எதால கிண்டினனீங்கள்?”

திறப்பர் கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவ கண்ணை மூடிக்கொண்டா.

சீழ் வடிந்ததோ, செவிப்பறையில் எப்போதாவது ஓட்டை விழுந்ததோ என்று விசாரித்துவிட்டுச் சொட்டுமருந்து தந்தா. “ஒருக்களிச்சுப் படுத்துக்கொண்டு விடுங்கோ. இளகின பிறகு வாங்கோ, கழுவி எடுப்பம். காது தன்ரை ஊத்தையைத் தானே வெளியில தள்ளும், ஐயா. நாங்கள்தான் பிடிச்சு உள்ளுக்கு அனுப்புறம். சுடுஎண்ணெய் கூடாது, குச்சி கூடாது. திறப்பு… ஐயோ!”

சொட்டுமருந்து விட்ட நாட்களில் கொத்து என் இடுப்பில். வீடுகளை நான் திறக்க, அவர் பின்னால் வருவார். கை தன்பாட்டில் காதுக்குக் கிளம்பும். பாதிவழியில் என்னைக் கண்டு வெட்கி, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கும்.

கழுவுகிற நாள் வந்தது. இளஞ்சூட்டுத் தண்ணீரைப் பதமாகப் பாய்ச்ச, கிண்ணத்தில் பனங்கட்டித் துண்டு மாதிரி ஒன்று விழுந்தது. மற்றக் காதிலிருந்து அதன் தம்பி. திறப்பர் குனிந்து மரியாதையோடு பார்த்தார். பிறகு திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“ஏன் பிள்ளை கத்திறீங்கள்?”

அவ வாயே திறக்கவில்லை. கையுறையைத்தான் சரக்கென்று கழற்றினா.

ஆசுப்பத்திரி விறாந்தையிலேயே மகளுக்குப் போன் எடுத்தார்.

“அப்பா, சாப்பிட்டீங்களோ?”

திறப்பரின் நெற்றி சுருங்கியது. “ஏன் பிள்ளை குரல் அடைச்சுக் கிடக்கு? அழுதனியோ?”

போனைக் காதோடு இன்னும் ஒட்டிப் பிடித்தார்.

“இல்லம் கில்லம் வேண்டாம், ராசாத்தி. அடைச்சது காதுதான், அறிவில்லை. நீ மூக்கை உறிஞ்சிறதுகூடக் கேக்குது. மீன்குழம்பும் முருங்கையிலை வறையும் சாப்பிட்டனான். நீ சாப்பிட்டியோ?”

இப்போதெல்லாம் ஒழுங்கையில் அவர் தூரத்தில் போகக் கண்டால், மெல்ல, மிக மெல்ல, “அண்ணை” என்பேன். சட்டென்று திரும்புவார்.

“என்ன தம்பி, ஏதும் அலுவலோ?”

அலுவல் ஒன்றும் இராது.