நண்டு மிஸ் சேற்றில் நடத்திய பாடம்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் உள்ள நண்டுகள் ஒரே ஒரு ஆளைக் கண்டுதான் வளைக்குள் ஓடின. அவர் எங்கள் பாடசாலையின் உயிரியல் ஆசிரியை. அவருடைய சொந்தப் பெயர் வரவுப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களான எங்களுக்கும், ஏன், அதிபருக்குமே அவர் நண்டு மிஸ்.

அவர் கைப்பையில் சீப்பு இருந்ததை யாரும் கண்டதில்லை. நண்டு இருந்தது. ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் ஒழுக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பை மேசையில் தானாக இரண்டு அங்குலம் நகர்ந்ததை என் கண்ணால் கண்டேன். "உசிரோட இரிக்கு சேர், பயப்பிடாதீங்க" என்றார் மெதுவாக. நான் இரசாயனவியல் படிப்பிக்கிறவன். கால் முளைக்காத பொருட்களோடுதான் எனக்குப் பழக்கம்.

வருடா வருடம் உயர்தர வகுப்பு மாணவர்களை வாகரைக்கும் அப்பால் ஒரு கடற்கரைக்குக் கூட்டிப்போவார். மணலில் புதையாமல் எந்த பஸ்ஸும் அங்கிருந்து திரும்பியதில்லை. ஒரு முறை துணைக்கு நானும் அகப்பட்டேன். புறப்பட மூன்று நாள் இருக்கும்போது சிக்கல் வந்தது. வகுப்பிலேயே கெட்டிக்காரி தர்ஷினி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விவசாயி ஒருவரின் மகள். தகப்பன் கடலுக்கு அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். அதோடு நிற்கவில்லை. கடல், காடு என்று அலைகிற படிப்பே வேண்டாம், ஊர்ப் பள்ளியில் கலைப் பிரிவில் சேர்க்கப்போகிறேன் என்றும் சொல்லியனுப்பினார். தகப்பனை நேரில் பார்த்துப் பேசுவோம் என்று மிஸ் என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

மிஸ் ஸ்கூட்டரில் முன்னால் போக, நான் மோட்டார்சைக்கிளில் பின்னால் போனேன். வாவியைக் கடந்து தகப்பனின் வயல் வட்டைக்குப் போனபோது, மனிதர் வயலுக்குள் நின்று வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். மிஸ்ஸைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். வரம்பெல்லாம் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடியவிடுகிற சனியன் நண்டு, அதைப் படிக்கவா மகளை அனுப்புவது என்று கேட்டார்.

நண்டைச் சனியன் என்றதும் நான் மோட்டார்சைக்கிள் பக்கம் நகர்ந்தேன். மிஸ் கோபப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினார். எந்த வளையில் நண்டு இருக்கிறது, எது வெறும் ஓட்டை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டார். அந்த மனிதர் விளக்கத் தொடங்கினார். ஒரு மணித்தியாலம் விளக்கினார். மிஸ் குறிப்பெடுத்தார். நான் வெயிலில் காய்ந்தேன்.

"அண்ணன், இது எனக்கே தெரியாது. நீங்களும் வாங்க. வந்து புள்ளைகளுக்கு இதச் சொல்லிக் குடுங்க."

"நானா டீச்சர்? நான் எட்டாம் வகுப்பு."

"நண்டு அதக் கேக்காது."

அப்படியாக பஸ்ஸின் முன் இருக்கையில், வெள்ளைச் சாரமும் திருநீறுமாக, தர்ஷினியின் தகப்பன் வந்தார். கடற்கரையில் மாணவர்கள் நண்டுகளைத் துரத்தி விழுந்தெழும்பினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். வளை வாயில் குந்தினார். புது மண் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்துக் கையை விட்டார். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து நண்டுகள் வந்தன. முப்பது பிள்ளைகளும் கொப்பியோடு அவரைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். தர்ஷினி தன் தகப்பனைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னேரம், உப்புத் தண்ணீரில் வளர்கிற கண்டல் மரக் காட்டுப் பக்கம் போனோம். சேற்றில் துள்ளித் திரிகிற ஒரு மீனைக் காட்டப்போய், மிஸ் இடுப்புவரை புதைந்துபோனார். பிள்ளைகள் அலறினார்கள். "கத்தாமப் படத்தக் கீறுங்க, மீன் ஓடிரும்" என்றார் மிஸ். தர்ஷினியின் தகப்பன் ஒரு கண்டல் கொப்பை முறித்து நீட்டப் பார்த்தார். மிஸ் புதைந்த இடத்தில் இருந்தபடியே அவரைத் தடுத்து, கண்டல் மரத்தின் அருமை பற்றி ஒரு பாடம் நடத்தினார். பாடம் முடியும்போது இன்னும் நாலு விரற்கடை இறங்கியிருந்தார். தண்ணீரும் ஏறிக்கொண்டிருந்தது.

தகப்பன் ஓடிப்போய், பஸ் சில்லுக்கு அடியில் போடுகிற பலகையைத் தூக்கிவந்தார். அதைச் சேற்றில் போட்டு, அதன்மேல் வயிற்றால் தவழ்ந்துபோய், எருமைக்கன்றை இழுப்பதுபோல மிஸ்ஸை இழுத்தெடுத்தார். கரைக்கு வந்ததும் மிஸ் கேட்டது, எத்தனை பேர் மீனைக் கீறி முடித்தீர்கள் என்றுதான்.

ஒரே ஒரு கொப்பி நீண்டது. அது தர்ஷினியுடையது. கண்ணில் நீர் வழிய வழியக் கீறியிருந்தாள். செதில்கூடத் தப்பவில்லை. தகப்பன் சேற்றுக் கையோடு அதை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார்.

"டீச்சர், இவள் உங்களிட்டயே படிக்கட்டும். ஆனா மறுகா போகக்குள்ள எனக்கும் சொல்லுங்க. தனியப் போனா நீங்க வந்து சேர மாட்டீங்க."

தர்ஷினி இப்போது வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறாள். மிஸ் போன வருடம் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். இந்த முறை மாணவர்களை நான் கூட்டிப்போனேன். எல்லாம் நேரத்துக்கு நடந்தது, பஸ்கூடப் புதையவில்லை. நாலு மணிக்கே வீட்டில் இருந்தேன். இருக்க முடியாமல் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். என்ன விசயம் சேர் என்று கேட்டார். உங்கள் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், நண்டுக்கு எத்தனை கால் என்று கேட்டேன்.